தேத்தண்ணியும் தசையும்: ஒரு வழுத் திருத்தம்

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வழமையாக இந்த நேரத்தில் வரி, சுப்பர் பணம், வீட்டுக் கடன் வட்டி என்று உங்களை அலுப்படிக்கிற நான், இன்றைக்குத் தேத்தண்ணியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இவருக்கும் மருத்துவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சம்பந்தமும் இல்லை. நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவன். ஆனால் இதே ஒலிவாங்கிக்கு முன்னால் இருந்து நான் ஒரு பிழை விட்டேன். கணக்கிலே பிழை விட்டால் அழித்து எழுதக் கூடாது, திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும் என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். இந்த உரை அந்தத் திருத்தப் பதிவு.

சில மாதங்களுக்கு முன்னர், செய்திக்கும் பாட்டுக்கும் இடையில் 40 விநாடி மிச்சம் இருந்தது. கையில் இருந்த ஒரு துணுக்கை எடுத்து வாசித்தேன். கறுப்புத் தேயிலையில் உள்ள சில சேர்மங்கள் தசைக் கலங்கள் வளரவும், முதுமையில் தசை தேய்வதைக் குறைக்கவும் உதவலாம் என்பதுதான் அந்தத் துணுக்கு. அவசரத்தில் நான் 'உதவலாம்' என்பதை 'உதவும்' என்று வாசித்துவிட்டேன். பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் அது தெரிந்தது.

அடுத்த கிழமை ஒரு அன்ரி நிலையத்துக்கு அழைத்தார். எழுபத்தொன்பது வயது. எங்கள் நிகழ்ச்சிகளைத் தவறவிடாதவர். "தம்பி, நீங்கள் அண்டைக்குச் சொன்னதுக்குப் பிறகு நான் அந்தப் புதன்கிழமை வகுப்பை விட்டிட்டன். ரண்டு பஸ் ஏறிப் போய் ஒரு ரப்பர் பட்டியை இழுத்துக்கொண்டு நிக்கிறதைவிட, வீட்டில இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்தானே. இப்ப ஆறு கோப்பை குடிக்கிறன்" என்றார். அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அழைப்புக்கு நன்றி சொல்லிப் பாட்டைப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாமத்திய வீட்டில் அவரைக் கண்டேன். மண்டபத்திலே அந்தத் தாழ்வான மெத்தைக் கதிரை ஒன்றில் இருந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது அவரால் எழும்ப முடியவில்லை. கையை ஊன்றினார், முன்னுக்குச் சாய்ந்தார், திரும்பவும் இருந்துவிட்டார். மூன்றாம் தரம் இரண்டு பெடியள் வந்து கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கோபிக்கவில்லை. "நான் தேத்தண்ணி குடிக்கிறனான்தானே தம்பி, பிறகேன் இப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தத் துணுக்கைக் கணக்காய்வு செய்யத் தொடங்கினேன். அதில் கண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் தேயிலை ஏன் கறுப்பு என்று பார்ப்போம். 1982 இல், கலவரத்துக்கு முந்தின வருடம், பாடசாலைச் சுற்றுலாவில் மலைநாட்டிலே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழுந்தை மேல் மாடியில் பரப்பி வாட்டுவார்கள். பிறகு உருளையில் போட்டுக் கசக்குவார்கள். கசக்கிய இலையைக் கொஞ்ச நேரம் காற்றுப்பட விடுவார்கள். பச்சை இலை கண்ணுக்கு முன்னாலேயே செம்பு நிறமாக மாறும். கடைசியில் சூட்டில் உலர்த்தினால் நாங்கள் அறிந்த கறுப்புத் தூள். அந்த நிறமாற்றத்தைப் புளிக்க வைப்பது என்று சொன்னாலும் அது தோசை மா புளிப்பது போன்றதல்ல. வெட்டி வைத்த கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுக்குதல்லவா, அதே வேலைதான். இலையில் இருக்கும் நொதியமொன்று, காற்றில் உள்ள ஒட்சிசனின் துணையோடு, கற்றெக்கின் என்ற சேர்மங்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. அப்படிப் பிணைந்து உண்டாகிறவைதான் தியாபிளேவின்களும் தியாரூபிஜின்களும். கோப்பையிலே தெரிகிற அந்தச் செம்மஞ்சள் மினுக்கத்தைத் தருவது தியாபிளேவின். கடும் சாயத்தின் சிவப்பும் கபிலமும் பெரும்பாலும் தியாரூபிஜின். பச்சைத் தேயிலையில் உலர்த்தும் முன்னரே சூடு காட்டி நொதியத்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே அதில் கற்றெக்கின் அப்படியே இருக்கும்.

(இலங்கையில் 1867 இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டதைப் பாடப் புத்தகத்தில் படித்தோம். அந்த மலைகளில் கூடை சுமந்த எங்கள் மலையகத்துப் பெண்களின் முதுகுத் தசையைப் பற்றி எந்தப் பாடத்திலும் படித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அதற்குத் தனியாக ஒரு நிகழ்ச்சி செய்ய வேண்டும்.)

இனித் தசைக்கு வருவோம். தசை இழையின் ஓரத்தில், உறங்கிக் கிடப்பதுபோலச் சின்னக் கலங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1961 இல் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து இவற்றுக்குச் செய்மதிக் கலங்கள் என்று பெயர் வைத்தார். தசை காயப்பட்டாலோ கடுமையாக வேலை செய்தாலோ இவை விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து, பழைய இழையைச் செப்பனிடும். வயது போகப் போக இந்த வேலை மந்தமாகிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 வீதம் வரை தசை குறைகிறது என்றும், அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடுகிறது என்றும் சொல்கிறார்கள். எங்கள் பாசையில் சொன்னால், ஒவ்வொரு வருடமும் பெறுமானத் தேய்வு. இது அளவு மீறிப் போவதற்கு சார்க்கோபீனியா என்று 1989 இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் றோசன்பேர்க் பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சதை வறுமை என்று பொருள். பொருத்தமான பெயர்தான்.

இனித் துணுக்கின் ஆதாரங்கள்.

முதல் ஆதாரம் கண்ணாடித் தட்டிலே நடந்தது. ஆய்வுகூடங்களில் சி2சி12 என்றொரு சுண்டெலித் தசைக் கல வரிசை இருக்கிறது. உலகமெங்கும் வளர்க்கப்படுகிறது. உணவைக் குறைத்தால் இந்தக் கலங்கள் பெருகுவதை விட்டுவிட்டு, நீட்டாக இணைந்து இழைகளாக மாறும். இவற்றோடு தியாபிளேவினைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த மாற்றம் கூடுதலாக நடந்தது. இது நல்ல செய்திதான். ஆனால் அங்கே கலம் தியாபிளேவினுக்குள் ஊறிக் கிடக்கிறது. எங்கள் தொடைத் தசை தேத்தண்ணிக்குள் ஊறிக் கிடப்பதில்லை.

இரண்டாவது, உயிருள்ள சுண்டெலி. 2017 இல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு. கறுப்புத் தேயிலையிலிருந்து பாரமான பொலிபீனோல்களைப் பிரித்தெடுத்து, தீனியில் 0.5 வீதம் கலந்து கொடுத்தார்கள். ஒரு கிலோ தீனிக்கு 5 கிராம் சாறு. அதோடு கெண்டைக்காலின் ஒரு தசை வழமையைவிடக் கூடிய பாரத்தைத் தாங்கும்படி செய்தார்கள். நான்கு, ஏழு, பதினான்கு நாட்களில் பார்த்தபோது, தேயிலைச் சாறு தின்ற எலிகளில் அந்தத் தசை மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பருத்திருந்தது. தசையைக் கட்டச் சொல்கிற சமிக்ஞைகளும் கூடியிருந்தன.

இதை வாசித்தபோது நான் கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். ஏனென்றால் நான் வாசித்த துணுக்கில் இந்த இரண்டு விசயமும் இல்லை. ஒன்று, அந்த எலிகள் எட்டு வாரக் குமரெலிகள், கிழட்டெலிகள் அல்ல. மற்றது, அந்தத் தசை சும்மா கிடந்து பருக்கவில்லை, பாரம் தூக்கிக்கொண்டிருந்த தசை. அன்ரி விட்டுவிட்ட ரப்பர் பட்டி வகுப்பு இருக்கிறதே, அந்த ஆய்வில் எலிக்கு அதுதான் நடந்தது. தேயிலை அதன் மேலே வந்த உபரி. நான் உபரியை வாசித்து முதலை விட்டுவிட்டேன்.

மூன்றாவது, இரத்தம். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இதுதான். 2001 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் 700 மில்லிகிராம் தியாபிளேவின் கொடுத்தார்கள். ஏறக்குறைய 30 கோப்பைத் தேத்தண்ணியில் உள்ள அளவு. பிறகு இரத்தத்தை எடுத்து அளந்தார்கள். உச்சமாகக் கண்டது, பெண்ணிலே, ஒரு லீற்றர் குருதிநீரில் 1 மைக்கிரோகிராம். ஆணில் அதிலும் பாதி. எங்கள் உடம்பில் குருதிநீர் சுமார் 3 லீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரவு 700,000 மைக்கிரோகிராம், அந்த நேரத்தில் இரத்தத்தில் இருப்பு வெறும் 3. இப்படி ஒரு ஐந்தொகையை யாராவது என்னிடம் கொண்டுவந்தால் கையெழுத்து வைக்க மாட்டேன், மிச்சம் எங்கே என்று கேட்பேன். மிச்சத்தில் ஒரு பங்கைப் பெருங்குடலில் உள்ள பற்றீரியாக்கள் சின்னச் சின்னச் சேர்மங்களாக உடைக்கின்றன. அவை இரத்தத்துக்குள் போகின்றன, ஒருவேளை உண்மையான வேலையைச் செய்வது அவையாகவும் இருக்கலாம். அதனால் நான் இதைத் தள்ளுபடி செய்யவில்லை. பரீட்சை மீதி சமப்படாதபோது வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போடுவோமே, அங்கே போட்டு வைத்திருக்கிறேன்.

பிரித்தானியாவில் ஐந்து இலட்சம் பேரைக் கொண்ட பெரிய ஆய்வு ஒன்று 2022 இல் வந்தது. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ தேத்தண்ணி குடிப்போரில், அநேகமாகக் கறுப்புத் தேயிலைதான், மரண வீதம் 9 முதல் 13 வீதம் வரை குறைவாக இருந்தது. தேத்தண்ணி பிரியர்கள் சந்தோசப்படலாம். ஆனால் அது கூடவே காணப்பட்ட தொடர்பு, காரணம் என்று நிறுவியதல்ல. தசையை அளந்ததும் அல்ல.

அப்படியானால் தசைக்கு நிச்சயமாக உதவுவது எது? இங்கேதான் எங்களுக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருக்கிறார். மரியா ஃபியற்றறோன் சிங் என்ற மருத்துவர், 1999 முதல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில். அவர் அமெரிக்காவில் பொஸ்ரனில் இருந்த காலத்தில், 1990 இல், முதியோர் இல்லத்தில் இருந்த தொண்ணூறு வயதளவான பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார். பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! தொடைத் தசையின் பரப்பு 9 வீதம் கூடியது.

1994 இல் நூறு பேரை வைத்து இன்னும் கவனமாகச் செய்தார்கள். சராசரி வயது 87. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் 113 வீதம் கூடியது, செய்யாதவர்களுக்கு 3 வீதம். பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலவீனம் குறையவில்லை. கோப்பையில் எதை ஊற்றிக் கொடுத்தாலும் கதிரையை விட்டு எழும்பாத காலுக்கு அது போய்ச் சேரவில்லை.

அடுத்தது சாப்பாடு. அன்ரியிடம் ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். காலையில் இரண்டு துண்டுப் பாணும் தேத்தண்ணியும். மத்தியானம் கொஞ்சச் சோறு, ஒரு மரக்கறி, சொதி. பின்னேரம் தேத்தண்ணியும் பிஸ்கற்றும். இரவு மூன்று இடியப்பம், பிறகு தேத்தண்ணி. இடையிலே ஒவ்வொரு கோப்பை. தனிய இருக்கிற பல முதியவர்களின் சாப்பாடு இதுதான் என்பது உங்களுக்கும் தெரியும். பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள், ஒராளுக்காக யார் மீன் வெட்டுவது என்று ஒரு அலுப்பு.

வயது போனவர்களுக்கு உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று 2013 இல் ஒரு நிபுணர் குழு பரிந்துரைத்தது. அன்ரி 55 கிலோ. ஆகவே நாளுக்கு 55 முதல் 66 கிராம். அவர் சொன்ன பட்டியலை நான் கூட்டிப் பார்த்தேன். முப்பதைத் தாண்டவில்லை. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம். ஒரு பெரிய கோப்பைப் பாலில் 8. ஒரு கை மைசூர்ப் பருப்பு, அவிக்க முன்னர் 50 கிராம், அதிலே 12 அளவில். சின்ன ரின் மீன் ஒன்று இதையெல்லாம் விழுத்தும். பயறு, கடலை, கௌபி எல்லாம் வென்ற்வேர்த்வில் கடைகளில் மூட்டையாய்க் கிடக்கிறது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இனிச் சீனி. ஆறு கோப்பை, கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி, கரண்டிக்கு 4 கிராம். 48 கிராம். 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் சனத்தில் நீரிழிவு இல்லாத வீடு எது? தசைக்கென்று கூட்டிக் குடித்த தேத்தண்ணி, பசியையும் கெடுத்துச் சீனியையும் ஏற்றினால் அது வரவா, செலவா? சீனியை விட்டுவிட்டு, ஊரிலே போலச் சின்னப் பனங்கட்டித் துண்டைக் கடித்துக் குடித்தால் சரியோ என்று ஒரு ஐயா கேட்டார். ஐயா, பனங்கட்டியும் சீனிதான். எனக்கும் கவலைதான்.

இன்னொன்று. இரும்புச் சத்துக் குளிசை எடுப்பவர்கள், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள், சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிக்காதீர்கள். அதிலுள்ள பொலிபீனோல்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணித்தியாலம் இடைவெளி விட்டால் போதும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக் கூடிய ஒரு சோதனை இருக்கிறது. ஐரோப்பிய நிபுணர்கள் 2019 இல் திருத்திய வழிமுறையில் உள்ளது. குசினிக் கதிரையை, மெத்தைக் கதிரை அல்ல, சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கையை நெஞ்சிலே குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் எடுத்தால் தசைப் பலம் குறைந்திருக்கலாம், ஜீ.பி.யிடம் கதையுங்கள். தனியச் செய்ய வேண்டாம், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். முழங்கால் மாற்றியவர்களும் இருதய வருத்தக்காரரும் கேட்காமல் செய்யவே வேண்டாம். நாட்பட்ட நோய் உள்ளவர்களுக்கு ஜீ.பி. ஒரு திட்டம் எழுதித் தந்தால், உடற்பயிற்சி நிபுணரிடமோ பிசியோவிடமோ போவதற்கு மெடிகெயாரில் வருடத்துக்கு ஐந்து தடவை வரை உதவி கிடைக்கும். இது என்னுடைய தொழிலுக்குக் கிட்டவான விசயம், ஆதலால் அடித்துச் சொல்கிறேன்: கேட்டு வாங்குங்கள், தானாகத் தர மாட்டார்கள்.

நானும் செய்து பார்த்தேன். 56 வயது. 11 விநாடி. ஐந்தாம் தரம் எழும்பும்போது மனைவி சிரித்ததைப் பற்றி இங்கே பேசவில்லை.

அன்ரியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தம்பி, நீங்களோ என்னைக் கதிரையில இருத்தினது" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனார். போகும்போது மேசையைப் பிடித்துக்கொண்டுதான் போனார். புதன்கிழமை வகுப்புக்கு இரண்டு பஸ் ஏற இப்போது அவருக்குப் பயம். ஆகவே எங்கள் நிலையத் தொண்டர்களில் நான்கு பேர் முறை வைத்துக் காரில் ஏற்றி இறக்குகிறோம். என்னுடைய முறை மாதத்தின் முதல் புதன். வகுப்பு முடிந்து வரும்போது அவர் போத்தலில் கொண்டுவரும் தேத்தண்ணியில் எனக்கும் ஒரு கோப்பை உண்டு, சீனி இல்லாமல். அதோடு அவித்த கடலை. போன முறை கேட்டேன், ஐந்து தரம் எழும்ப எவ்வளவு எடுக்குது என்று. தொடங்கும்போது கையை ஊன்றாமல் ஒருதரமும் முடியவில்லை. இப்போது மூன்று தரம் முடிகிறதாம்.

இந்தப் பகுதியிலே இதே போல ஏற்றி இறக்க ஆள் தேவையானவர்கள் இருந்தால், கார் உள்ளவர்களும் இருந்தால், நிகழ்ச்சி முடிந்ததும் நிலையத்துக்கு அழையுங்கள். வழமையான இலக்கம்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் நேரம் முடிந்தது என்று கையைக் காட்டுகிறார்கள். அடுத்த மாதம் திரும்பவும் சுப்பர் பணம். வணக்கம்.